படகில் பதினான்கு பேர்

ஃபாக்ஸ் இயந்திரம் தள்ளிய தாள் இன்னும் சூடாகவே இருந்தது. சென்ற் லூசியாத் தீவில் இருக்கும் படகுக் கம்பனியிடமிருந்து வந்திருந்தது. மார்ச் பதினேழு, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்று மணி முதல் ஏழு மணி வரை, தனிப்பட்ட விருந்துக்குப் படகு ஒன்று, சாப்பாடும் பாட்டும் சேர்த்து, உறுதி செய்யப்பட்டது. பயணிகள் பதினான்கு பேர்.

அன்ரனெற் கடைசி வரியை மறுபடி பார்த்தாள். அவள் கேட்டது பன்னிரண்டு பேருக்கு.

விரல்விட்டு எண்ணினாள். அண்ணை நீக்கிலாஸ், மச்சாள், அவர்களுடைய மூன்று பிள்ளைகள். மச்சாளின் தாய் தகப்பன், தங்கை குடும்பத்தில் நான்கு பேர். அவளோடு சேர்த்துப் பன்னிரண்டு. கல்யாணம் முடித்து இருபத்தைந்து வருடம் ஆனதைக் கடலில் கொண்டாட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றது அண்ணைதான். ஸ்காபரோவில், ஒரு வீடியோக் கடைக்கும் பலசரக்குக் கடைக்கும் நடுவில் இருந்த இந்தப் பயண முகவர் அலுவலகத்தில் அவள் வேலை செய்ததால், பொறுப்பு முழுவதும் அவள் தலையில் விழுந்தது.

மேசை லாச்சியைத் திறந்து, போன வியாழக்கிழமை அனுப்பிய படிவத்தின் பிரதியை எடுத்தாள். பெயர், வயது, குழந்தைகள் என்றால் நிறை. கீழே தொடர்புகொள்ள வேண்டியவரின் வீட்டு விலாசமும் தொலைபேசி இலக்கமும். எல்லாம் அவளுடைய கையெழுத்து. பன்னிரண்டாவது வரியில் அவள். பதின்மூன்றாவது வரியில் இக்னேசியஸ், கணவர். பதினான்காவதில் ஜெனிற்றா, மகள்.

எழுதிய ஞாபகமே இல்லை. ஆனால் எப்படி எழுதினாள் என்பது விளங்கியது. அகதியாக இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய எல்லாருக்கும் முதல் வாரத்திலேயே யாராவது சொல்லிக்கொடுத்துவிடும் விஷயம் அது. எந்தப் படிவமாக இருந்தாலும் குடும்பத்தில் ஒருவரையும் விட்டுவிடாதே. இன்றைக்கு விட்டவரைப் பிறகு எந்தக் காலத்திலும் இந்த நாட்டுக்குக் கூப்பிட்டு எடுக்க முடியாது. ஊரில் காணாமல் போனவர்களையும் போடு, எங்கே இருக்கிறார்கள் என்று தெரியாதவர்களையும் போடு. நாலரை வருடமாக அவளும் அப்படித்தான். மருத்துவ அட்டைக்கு, வாடகை வீட்டுக்கு, ஆங்கில வகுப்புக்கு, எதற்கு என்றாலும் தன் பெயரை எழுதியதும் கை தானாக அடுத்த இரண்டு வரிகளையும் நிரப்பிவிடும்.

பேனையை எடுத்து இரண்டு வரிகளுக்கும் மேலே பிடித்தாள். பிடித்தபடியே இருந்தாள். வெட்டுவது சின்ன வேலைதான். ஆனால் எந்தத் தாளிலும் இதுவரை அந்தப் பெயர்களை அவள் வெட்டியதில்லை.

"தங்கச்சி, கப்பல்காரன் பதில் போட்டானோ?" உள்ளே இருந்து முதலாளி சண்முகலிங்கம் கேட்டார்.

"போட்டிட்டான் அண்ணை. ஆக்கள் தொகையில ஒரு சின்னப் பிழை."

"உன்ர அண்ணரிட்டச் சொல்லு, முதல் நீந்தப் பழகட்டாம். அந்த வண்டி வயித்துக்கு மிதவை அங்கி தைக்கிறதெண்டா தீவில இருக்கிற துணி காணாது."

அவள் சிரித்தாள். சிரித்தபடியே அண்ணை வீட்டு இலக்கத்தை அழுத்தினாள்.

"என்ன பிள்ளை, கப்பல் கிடைச்சுதோ?"

"கப்பலில்லை அண்ணை, படகு."

"எனக்கு அது கப்பல்தான். இருவத்தஞ்சு வருசம் உன்ர மச்சாளோட குடும்பம் நடத்தினவனுக்கு ஆரும் ஒரு கப்பல் விடக் கூடாதோ?"

"ஆர் ஆரோட நடத்தினது எண்டு கேள், அன்ரனெற்!" பின்னால் மச்சாளின் குரல்.

பிறகு அண்ணையின் குரல் இறங்கியது. "பிள்ளை, நான் சுவாமியாரோட கதைச்சனான். போயிட்டு வந்த பிறகு இக்னேசியசுக்கும் சின்னனுக்கும் ஒரு பூசை ஒப்புக்குடுப்பம். நாலரை வருசமாச்செல்லே."

"செத்தவைக்குத்தான் அண்ணை பூசை."

"நான் இப்ப என்ன சொல்லிப்போட்டன்…"

"பிறகு எடுக்கிறன்," என்று வைத்துவிட்டாள்.

நாலு மணி தாண்டியிருந்தது. ஜனவரி மாதத்து வெளிச்சம் அதற்குள்ளேயே வாகனத் தரிப்பிடத்தைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. பனியை வழித்து ஒதுக்கிய குவியல்களின் ஓரம் நீலமாகி, கார்கள் கொண்டுவந்த உப்பும் சேறும் வாசலில் கரைந்து, கால்துடைப்பான் தாண்டித் தரைவிரிப்புவரை ஈரம் ஏறியிருந்தது. கண்ணாடி ஓரத்துச் சூடாக்கி டிக் டிக் என்று அடித்தது. அதன் காற்றில் வழக்கமாகத் தூசி கருகும் மணம் வரும். இன்றைக்கு வேறொரு மணமும் வந்தது. மண்ணெண்ணெயும், வற்றிய கடற்கழியில் வெயில் பட்ட சேறும் கலந்த மணம். அவள் எழுந்துபோய்ச் சூடாக்கியின் பக்கம் குனிந்து மோந்து பார்த்தாள். தூசி மணம் மட்டும்தான்.

படகுக் கம்பனிக்குத் தொலைபேசி எடுத்தாள். அங்கே ஒரு மணித்தியாலம் முன்னால். நீண்ட நேரம் அடித்தபிறகு ஒரு பெண் எடுத்தாள். அவசரமில்லாத, தீவுக்காரருக்கே உரிய ஆங்கிலம். அன்ரனெற் படிவ இலக்கத்தைச் சொல்லி, கடைசி இரண்டு பெயர்களிலும் ஒரு பிழை நடந்துவிட்டது என்றாள்.

"பிழையா? இல்லை மேடம். அவற்றை நேற்று உங்கள் கணவரே சரிபார்த்துவிட்டாரே."

அன்ரனெற் படிவத்தின் பிரதியை அருகே இழுத்துப் பார்த்தாள்.

"இணைப்பு நன்றாக இல்லை. படிவத்தைப் பார்த்து வாசிப்பதுபோல ஆறுதலாகப் பேசினார். குழந்தைக்குப் பதினெட்டுக் கிலோ, நீந்தத் தெரியாது என்றார். அதை மூன்று தரம் சொன்னார். நீந்தத் தெரியாது, நீந்தத் தெரியாது என்று."

"யாரோ விளையாடி இருக்கிறார்கள்," என்று அன்ரனெற் தன் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தக் குரல் தன்னுடையதுபோல இல்லை.

"அப்படித் தெரியவில்லை, மேடம். நல்ல மனிதர். கடைசியாக ஒன்று கேட்டார். உங்கள் படகுக்குப் பின்னால் கயிறு கட்டி வேறு படகு இழுப்பீர்களா என்று. இல்லை, எல்லாரும் ஒரே படகில்தான் என்றேன். அவருக்குப் பெரிய சந்தோஷம்."

அன்ரனெற் தொலைபேசியை வைத்தாள்.

ஐந்தரைக்குச் சண்முகலிங்கம் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு வந்தார். "என்ன தங்கச்சி, முகம் வெளிறிக் கிடக்கு? காய்ச்சலோ?"

"இல்லை அண்ணை."

"ஏழு மணிவரைக்கும் இருக்காதை. பூட்டிப்போட்டுப் போ. இந்தக் குளிருக்குள்ள ஆர் வந்து ரிக்கெற் எடுக்கப் போறான்?"

கதவு மணி கிலுங்கி அடங்கியது. அவருடைய காரின் சிவப்பு வெளிச்சம் பனியில் வழுக்கி, தெருவில் திரும்பி மறைந்தது. அதற்குப் பிறகு அலுவலகத்தில் குழல்விளக்கின் இரைச்சலும் அவளுடைய மூச்சும் மட்டும்.

பின்னால் கட்டிய படகுக்கு உண்மையில் நடந்தது தெரிந்தவர்கள் இந்த நாட்டில் ஒருவரும் இல்லை. குடிவரவு அதிகாரியிடம் அவள் சொன்னதும், அண்ணையிடம் சொன்னதும், பாவசங்கீர்த்தனத்தில் சொன்னதும் ஒன்றுதான்: கயிறு அறுந்துபோனது.

தொண்ணூற்று மூன்றாம் ஆண்டு, கிளாலிக் கடல். யாழ்ப்பாணத்திலிருந்து வெளியே வர அப்போது வேறு வழி இல்லை. இருட்டியபிறகு மண்ணெண்ணெயில் ஓடும் ஒரு மோட்டர் வள்ளம், அதன் பின்னால் கயிற்றில் கோத்ததுபோல நாலைந்து வள்ளங்கள். கடைசிக்கு முந்தின வள்ளத்தில் ஓர் ஆளுக்குத்தான் இடம் என்றார் வள்ளக்காரர். நீ ஏறு, நாங்கள் பின்னால் வாறம் என்று இக்னேசியஸ் அவளை ஏற்றிவிட்டான். அவளுடைய வள்ளத்துக்குப் பின்னால் கட்டிய கடைசி வள்ளத்தில் அவனும் ஜெனிற்றாவும் ஏறினார்கள். பாதிக் கடலில் தூரத்தே கடற்படைப் படகின் வெளிச்சம் ஒன்று எழும்பித் தண்ணீரைத் தடவிக்கொண்டு வந்தது. சனம் குழறியது. இந்தப் பாரத்தோடு ஓட ஏலாது, கயிற்றை அவிழ் அவிழ் என்று யாரோ கத்தினார்கள். கயிற்று முடிச்சு அவளுடைய முழங்காலுக்குப் பக்கத்தில் இருந்தது. வேறு யாருடைய கையும் எட்டாது.

முடிச்சு இறுகித்தான் இருந்தது. அவள் பல்லாலும் இழுத்தாள்.

கயிறு தண்ணீரில் விழுந்த பிறகு பின்னாலிருந்து ஒருவரும் கத்தவில்லை. கையெட்டும் தூரத்திலிருந்து ஜெனிற்றா மட்டும், ஏதோ விளையாட்டு என்று நினைத்தவள்போல, "அம்மா, நாங்கள் நிக்கிறம்!" என்றாள். கரையில் அன்ரனெற் இரண்டு நாள் காத்திருந்தாள். ஒன்றும் ஒதுங்கவில்லை.

அதனால்தான் பூசை கூடாது. அதனால்தான் எல்லாத் தாளிலும் அந்த இரண்டு வரிகள். பெயர் இருக்கும்வரை அவர்கள் எங்கேயோ நின்றுகொண்டிருக்கிறார்கள். பெயரை வெட்டினால் அவிழ்த்தது அவள்தான் என்று ஆகிவிடும்.

தொலைபேசி அடித்தது. அவள் துள்ளிவிட்டாள்.

"மாமி?" அண்ணையின் கடைசி மகள், எட்டு வயது மிஷெல். "அப்பா சொன்னார் ஸொரி சொல்லச் சொல்லி. ஹீ ஃபீல்ஸ் பாட்."

"அதொண்டும் இல்லையெண்டு சொல்லு குஞ்சு."

"மாமி, ஒரு கேர்ள் கோல் பண்ணினவ. தமிழ் கதைச்சவ. போட்டில எனக்குப் பக்கத்தில இருக்கப் போறாவாம்."

அன்ரனெற் தொலைபேசியை மற்றக் காதுக்கு மாற்றினாள்.

"எனக்கு ஸ்விம் பண்ணத் தெரியுமோ எண்டு கேட்டவ. நான் ஓம் எண்டன். அப்ப அவ சொன்னா, இட்ஸ் ஓகே, அது உதவாதாம். பின்னுக்கு இருந்தா ஒருத்தருக்கும் கேக்காதாம்." மிஷெல் மூச்சு வாங்கினாள். "மாமி, ஹூ இஸ் ஜெனிற்றா?"

"அந்தப் பிள்ளையோட இனிக் கதைக்காதை. திரும்ப எடுத்தா வை. கேட்குதோ?"

"வொய்? ஷீ வாஸ் நைஸ்."

வைத்ததும் அன்ரனெற் யோசிக்கவில்லை. யோசித்தால் முடியாது என்று அவளுக்குத் தெரியும். அடிமட்டத்தை எடுத்தாள். கறுப்புப் பேனையை எடுத்தாள். பதின்மூன்றாவது வரியின் மேல் ஒரு கோடு. பதினான்காவது வரியின் மேல் ஒரு கோடு. பேனை தாளைக் கீறும் சத்தம் அந்த அறைக்குப் பெரிதாக இருந்தது. இந்த இருவரும் வரவில்லை, பன்னிரண்டு பேர் மட்டும் என்று கீழே எழுதிக் கையெழுத்து வைத்தாள்.

தாள் இயந்திரத்துக்குள் மெல்ல மெல்ல இழுபட்டது. இலக்கங்கள் பாடின. எதிர்முனை கீச்சிட்டது. பிறகு ஒரு சிறு துண்டு வெளியே வந்தது: அனுப்பப்பட்டது, ஒரு பக்கம், ஆறு பத்து.

சேற்று மணம் இல்லை. சூடாக்கியின் தூசி மணம் மட்டும்தான். உடம்பு இலேசாக இருந்தது. அந்த இலேசு அவளுக்குப் பழக்கமானது. பாரம் குறைந்ததும் வள்ளம் முன்னுக்குப் பாய்ந்தபோது அடிவயிற்றில் வந்த அதே இலேசு. மேசையில் தலையைக் கவிழ்த்து, நாலரை வருடத்தில் முதல்முறையாக அவர்களுக்காக ஒரு செபம் சொல்லத் தொடங்கினாள். பாதியில் சொற்கள் மறந்துபோயின.

பேருந்தில் கூட்டம் இல்லை. கண்ணாடிகளில் ஆவி படிந்து, வெளியே போன தெருவிளக்குகள் எல்லாம் தண்ணீருக்குள் எரிவதுபோலத் தெரிந்தன. அவளுடைய தொடர்மாடியின் மின்தூக்கியில் யாரோ தாளித்த கடுகின் மணம் நின்றது. பதினோராம் மாடியின் நடைபாதை விரிப்பு நடுவில் நனைந்து கறுத்திருந்தது. சப்பாத்துகளில் வந்த பனி. எல்லாருடைய வாசலிலும் அப்படித்தான் இருக்கும். அவள் அந்த ஈரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். எல்லா வாசல்களையும் தாண்டி அது போய்க்கொண்டிருந்தது. அவளுடைய கதவில் போய் நின்றது.

கதவு பூட்டித்தான் இருந்தது.

உள்ளே இருட்டு. கோட்டைக் கழற்றவில்லை. கதவோரத்து மேசையில் தகவல் பதியும் கருவியின் சிவப்புப் புள்ளி விட்டுவிட்டு எரிந்தது. ஒரு தகவல். பொத்தானை அழுத்தினாள்.

அவசரமில்லாத அதே குரல். "மேடம், உங்கள் தாள் கிடைத்தது. பன்னிரண்டு பேர் என்று மாற்றிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் உங்கள் கணவர் எடுத்தார். அவருக்கும் குழந்தைக்கும் படகில் இடமில்லை என்று சொன்னேன். குழந்தை பின்னால் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தது, உங்கள் மொழி எனக்குத் தெரியாது. அப்படியானால் நாங்கள் எங்கே காத்திருப்பது என்று அவர் கேட்டார். படிவத்தில் உங்கள் வீட்டு விலாசம் இருந்தது. அதைக் கொடுத்தேன். நான் செய்தது பிழை இல்லை என்று நினைக்கிறேன். நல்லிரவு, மேடம்."

நீண்ட ஒலி. கருவி நின்றது.

குளிர்சாதனப் பெட்டி உறுமி ஓய்ந்தது. மேல்வீட்டில் யாரோ நாற்காலியை இழுத்தார்கள். அது அடங்கியதும் இன்னொரு சத்தம் மிச்சமிருந்தது. வரவேற்பறையிலிருந்து. சொட்டு. நிதானமான சொட்டு. இரண்டு இடங்களில்.

மண்ணெண்ணெய். சேறு.

ஓடலாம். கதவு பின்னால்தான் இருக்கிறது. மின்தூக்கி, தெரு, அண்ணை வீடு. அண்ணை வீடு என்றதும் மிஷெலின் குரல் ஞாபகம் வந்தது. இவர்கள் தன்னைத் தேடிக்கொண்டு அங்கேயும் வருவார்கள். அவள் நகரவில்லை.

கை சுவரைத் தடவியது. விளக்குப் பொத்தான் ஈரமாக இருந்தது.

அழுத்தினாள்.

சாய்வில்லாத நீண்ட செற்றி இருக்கையில் இரண்டு பேர். அவளுக்கு முதுகு காட்டி, பல்கனிக் கண்ணாடியைப் பார்த்தபடி. துறையில் வள்ளத்துக்குக் காத்திருக்கும் சனம்போல நிமிர்ந்து, மடியில் பையை வைத்து அணைத்தபடி. இந்த ஓரம் பெரிய தலை. அந்த ஓரம் சின்னத் தலை. தலைமயிரிலிருந்து தண்ணீர். தோளிலிருந்து தண்ணீர். விரிப்பெல்லாம் தண்ணீர்.

ஒருவரும் திரும்பவில்லை.

இருவருக்கும் நடுவில் ஓர் ஆளுக்கு இடம் விட்டிருந்தார்கள்.

சின்னக் கை ஒன்று பையிலிருந்து எழும்பியது. நெடுநாள் ஊறி வெளுத்த விரல்கள். நகங்கள் இல்லை. அது அந்த வெற்றிடத்தில் மெதுவாகத் தட்டியது, பக்கத்தில் வந்து இரு என்று கூப்பிடுவதுபோல. தட்டும்போதெல்லாம் மெத்தையிலிருந்து கறுத்த நீர் பொங்கி விரல்களுக்கிடையே வழிந்தது.

தட்டியது.

தட்டியது.